ஜாஸ் பேண்டில் யாருக்கு எந்த இடம்?

அமெரிக்கப் பள்ளிகளிலும் ஊர்களிலும் இயங்கும் பெரிய ஜாஸ் பேண்டில் பொதுவாக 17 அல்லது 18 பேர் இருப்பார்கள். சாக்ஸபோன் ஐந்து, டிரம்பெட் நான்கு அல்லது ஐந்து, டிராம்போன் நான்கு. இவற்றோடு பியானோ, பாஸ், கிதார், டிரம்ஸ். ‘பிக் பேண்ட்’ என்று இந்த அமைப்புக்குப் பெயர். 1920களில் நியூயார்க்கில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் பேண்டும், அதற்கு இசை எழுதிக் கொடுத்த டான் ரெட்மனும் ஊது வாத்தியங்களை அணிகளாகப் பிரித்து, ஓர் அணி கேட்க இன்னோர் அணி பதில் சொல்வதுபோல் வாசிக்கும் முறைக்கு வடிவம் கொடுத்தார்கள். டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி, பென்னி குட்மேன் ஆகியோரின் பேண்டுகள் கொடிகட்டிப் பறந்த 1930, 40களில் அந்த அமைப்பு நிலைபெற்றது.

இன்றும் பள்ளிகளுக்காக அச்சாகும் ஜாஸ் இசைக்குறிப்புகள் பெரும்பாலும் இதே கணக்கில்தான் எழுதப்படுகின்றன. இரண்டாவது டெனர் சாக்ஸபோனுக்கு ஒரு தாள் இருக்கிறது என்றால் அதை வாசிக்க ஓர் ஆள் வேண்டும். ஆறாவது சாக்ஸபோனுக்குத் தாளே கிடையாது. ஆகவே ஆள் எடுக்கும் ஆசிரியர் முதலில் பார்ப்பது எந்த இடம் காலி என்பதை. அந்த இடத்துக்கு யார் பொருந்துவார் என்பது அடுத்த கேள்வி. மிக நன்றாக வாசிக்கும் ஆறாவது சாக்ஸபோன் மாணவருக்கு இடம் கிடைக்காமல் போவதும், சுமாராக வாசிக்கும் நான்காவது டிராம்போன் மாணவருக்கு உடனே கிடைப்பதும் இதனால்தான்.

எங்கிருந்து வருகிறார்கள்?

அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் பெரும்பாலும் பத்து, பதினொரு வயதில் வாத்தியத்தைக் கையில் எடுக்கிறார்கள். அவர்கள் முதலில் சேர்வது ஊது வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் சேர்ந்த கான்சர்ட் பேண்டில். ஊதும் முறை, சுருதி சேர்த்தல், குறிப்பைப் பார்த்து வாசித்தல் எல்லாம் அங்கே படிகின்றன. அதனால் ஜாஸ் பேண்டில் சேர விரும்புபவர் கான்சர்ட் பேண்டிலும் இருந்தாக வேண்டும் என்று பல பள்ளிகள் விதி வைத்திருக்கின்றன. பியானோ, கிதார் போன்றவற்றை வாசிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கான்சர்ட் பேண்டில் அவர்களுக்கு அதிக வேலை இல்லை.

கான்சர்ட் பேண்டில் புல்லாங்குழலும் கிளாரினெட்டும்தான் கூட்டமாக இருக்கும். பிக் பேண்டில் இவ்விரண்டுக்கும் தனி அணி இல்லை. சாக்ஸபோனுக்கு ஆள் மிகுதி, டிராம்போனுக்குப் பற்றாக்குறை என்பதும் பல பள்ளிகளின் நிலைமை. ஜாஸ் பேண்டில் யார் இருப்பார்கள் என்பதில் பெரும்பகுதி, பத்து வயதில் யார் எந்த வாத்தியத்தை எடுத்தார்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

அந்தத் தொடக்கத் தேர்வில் ஆண், பெண் வேறுபாடும் கலந்திருக்கிறது. புல்லாங்குழல், கிளாரினெட், வயலின் பெண்பிள்ளைகளுக்கு உரியவை என்றும், டிரம்ஸ், டிராம்போன், டிரம்பெட் ஆண்பிள்ளைகளுக்கு உரியவை என்றும் மக்கள் மனத்தில் பதிந்திருப்பதை ஹரால்ட் ஏபலஸ், சூசன் போர்ட்டர் இருவரும் 1978-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஜாஸ் பேண்ட் கேட்பவை பெரும்பாலும் இரண்டாவது பட்டியலில் இருப்பதால் பெண்கள் வாசலிலேயே குறைந்துபோகிறார்கள். இந்த எண்ணத்துக்கு வாத்தியத்தின் இயல்பில் எந்த ஆதாரமும் இல்லை. மிசிசிப்பி மாநிலத்தின் பைனி வுட்ஸ் பள்ளியில், பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காக 1937-ல் தொடங்கிய ‘இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்’ முழுக்கப் பெண்களே வாசித்த பிக் பேண்ட். பின்னர் பள்ளியிலிருந்து பிரிந்து, அமெரிக்கா முழுவதும் சுற்றி வாசித்துப் பெயர் பெற்றது. இந்தச் சாய்வைக் குறைக்கச் சில ஆசிரியர்கள் திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்லித் தேர்வு நடத்துகிறார்கள்; சிலர் தொடக்க வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளையும் எல்லா வாத்தியங்களையும் ஊதிப் பார்க்க வைக்கிறார்கள்.

தேர்வில் என்ன நடக்கும்?

தேர்வு பெரும்பாலும் நான்கு பகுதிகளைக் கொண்டது: முன்கூட்டியே கொடுக்கப்பட்ட பாடம் ஒன்று, ஸ்கேல் வரிசைகள், அதுவரை பார்த்திராத தாளை அங்கேயே பார்த்து வாசிப்பது, பிறகு சொந்தக் கற்பனையில் மனோதர்மமாக வாசிப்பது.

பாடத்தில் ஆசிரியர் கவனிப்பது ஸ்விங் நடை. ஒரு தட்டுக்கு இரண்டாக வரும் நோட்டுகள் தாளில் சம அளவில்தான் எழுதப்பட்டிருக்கும். வாசிக்கும்போது முதலாவது சற்று நீண்டும், இரண்டாவது சற்றுக் குறுகி அழுத்தம் பெற்றும் விழவேண்டும். எவ்வளவு நீள வேண்டும் என்பதைத் தாள் சொல்லாது. வேகத்துக்கு ஏற்ப அது மாறும். பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு ஊறிய மாணவரையும், தாளை மட்டும் பார்த்துத் தயாரான மாணவரையும் இந்த ஓர் இடத்தில் நல்ல ஆசிரியர் பிரித்து அறிந்துவிடுவார்.

மனோதர்மப் பகுதிக்கு வழக்கமாக 12 பார் (தாள அலகு) கொண்ட புளூஸ் சுற்றைக் கொடுப்பார்கள். பியானோவின் எஃப் சுருதியில் வாசிக்கச் சொன்னால் டிரம்பெட்டும் டெனர் சாக்ஸபோனும் தங்கள் வாத்தியத்தின் ஜி-யிலும், ஆல்டோ சாக்ஸபோன் டி-யிலும் தொடங்க வேண்டும். இந்த வாத்தியங்களுக்குக் குறிப்பு எழுதும் சுருதி பியானோவிலிருந்து வேறுபடுவதே காரணம். இரண்டு சுற்று வாசித்ததும் மாணவரின் நிலை தெரிந்துவிடும். நான்காவது பாரிலிருந்து ஐந்தாவது பாருக்குப் போகும்போது கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறுவதைக் காது பிடிக்கிறதா? பன்னிரண்டு பார் முடிந்தது தெரிந்து முடிக்கிறாரா, தெரியாமல் பதின்மூன்றாவது பாருக்குள் போகிறாரா? விரல் வேகத்தைவிட இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைக்கே மதிப்பு அதிகம். கீழ் வகுப்பு மாணவர்களிடம் மனோதர்மம் கட்டாயம் இல்லை; பயமில்லாமல் நாலு நோட்டை வைத்து வாசித்துப் பார்த்தாலே போதும் என்று விட்டுவிடுவார்கள்.

முதல் இடமும் நான்காம் இடமும்

தேர்வானவர்களை உட்கார வைப்பது அடுத்த வேலை. முன்வரிசையில் சாக்ஸபோன், நடுவில் டிராம்போன், பின்னால் டிரம்பெட் என்பது வழக்கமான அமைப்பு. ஒவ்வோர் அணியின் தலைவரும் வரிசையின் நடுவில், ஒருவருக்குப் பின் ஒருவராக அமர்வார்கள். பின்னாலிருந்து வரும் முதல் டிரம்பெட்டின் நாதம் மற்ற இருவர் காதிலும் நேராக விழும். நோட்டை எங்கே நிறுத்துவது, எங்கே அழுத்துவது என்பதை முதல் டிரம்பெட் முடிவு செய்ய, பேண்ட் முழுவதும் அதைப் பின்பற்றும். அதனால் அந்த இடத்துக்கு உச்ச ஸ்தாயியில் களைக்காமல் வாசிக்கும் உதடும், தயங்காத சுபாவமும் வேண்டும்.

தனி வாசிப்பில் கெட்டிக்காரரை டிரம்பெட் அணியின் இரண்டாம் இடத்தில் வைப்பது பழைய வழக்கம். அவர் தனியாக வாசிக்கும்போது முதல் டிரம்பெட்டுக்கு ஓய்வு கிடைக்கும். நான்காம் டிரம்பெட் தாளில் உச்ச ஸ்தாயி குறைவு என்பதால் புதியவர்களை அங்கே அமர்த்துவது உண்டு. ஆனால் அந்தத் தாளில் பக்கத்தில் இருப்பவரின் நோட்டோடு உரசும் நோட்டுகள் அடிக்கடி வரும். தன் நோட்டை விடாமல் பிடிக்கத் தெரியாதவர் அங்கே தடுமாறுவார்.

சாக்ஸபோன் அணியில் இரண்டு ஆல்டோ, இரண்டு டெனர், ஒரு பாரிடோன். தமிழ்நாட்டு ரசிகர்களுக்குக் கத்ரி கோபால்நாத் வழியாக அறிமுகமானது ஆல்டோ. இந்த அணியை நடத்துவது முதல் ஆல்டோதான். அடியில் நின்று தாங்குவது பாரிடோன். ஹாரி கார்னி தம் பதினேழாம் வயதில், 1927-ல் எலிங்டன் பேண்டில் சேர்ந்து, 1974-ல் எலிங்டன் இறக்கும்வரை பாரிடோன் இடத்தில் இருந்தார். அந்தப் பேண்டின் நாதத்தில் பாதி அவருடையது என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. எலிங்டன் ‘மூன்றாம் டிரம்பெட்’ என்று எழுதுவதைவிட, அங்கே அமர்ந்திருக்கும் மனிதரின் நாதத்தை நினைத்தே எழுதினார். கூட்டி வில்லியம்ஸுக்காக 1940-ல் அவர் பதிவு செய்த படைப்பு அந்த டிரம்பெட் கலைஞரின் பெயரையே தலைப்பில் தாங்கியது. பள்ளி ஆசிரியருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தாள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அவர் ஆளைத்தான் தாளுக்குப் பொருத்த வேண்டும்.

நெருக்கடி மிகுந்த நான்கு இடங்கள்

பியானோ, பாஸ், கிதார், டிரம்ஸ் சேர்ந்தது ரிதம் செக்‌ஷன். ஒவ்வொன்றுக்கும் ஒரே இடம் என்பதால் போட்டி இங்கேதான் கடுமை. தவறும் இங்கேதான் உடனே வெளியே தெரியும். மூன்றாம் டிராம்போன் தடுமாறினால் பேண்ட் நகர்ந்துகொண்டே இருக்கும். டிரம்ஸ் தடுமாறினால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

டிரம்ஸுக்கு வருபவரிடம் காலப்பிரமாணம் ஓடாமலும் இழுக்காமலும் நிற்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். ரைடு சிம்பலில் ஸ்விங் நடை, இரண்டாம் நான்காம் தட்டில் ஹைஹேட், மெதுவான பாட்டுக்கு பிரஷ், லத்தீன் நடை ஒன்று, இவை வாசிக்கத் தெரிய வேண்டும். ராக் இசையில் பழகியவர்கள் பலமாக அடிப்பார்கள். சத்தத்தைக் குறைத்தும் வேகம் குறையாமல் வாசிப்பதே அவர்களுக்குச் சோதனை. பாஸ் வாசிப்பவர் ஒரு தட்டுக்கு ஒரு நோட்டாக, கார்டுகளை இணைத்து நடக்க வேண்டும். ஸ்விங் இசைக்கு நின்றபடி வாசிக்கும் டபுள் பாஸையே விரும்புவார்கள். ராக், லத்தீன் நடைகளுக்கு எலெக்ட்ரிக் பாஸ் போதும். பியானோ மாணவர்கள் பலர் மேற்கத்திய செவ்வியல் பயிற்சியோடு வருவார்கள். பத்து விரலும் ஓடும்; ஆனால் தாளில் கார்டின் பெயர் மட்டும் எழுதியிருந்தால் கை நின்றுவிடும். எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் கற்றாக வேண்டும்.

கிதாருக்கு வரும் கூட்டம் பெரியது. அவர்களுக்கு ஆசிரியர்கள் காட்டும் முன்மாதிரி ஃப்ரெடி கிரீன். 1937-ல் பேஸி பேண்டில் சேர்ந்த அவர், ஐம்பது ஆண்டுகள், பெரும்பாலும் ஒலிபெருக்கி இல்லாமல், தட்டுக்கு ஒரு கார்டு வீதம் வாசித்தார். தனி ஆவர்த்தனம் அநேகமாக இல்லை. திறமை உள்ளவர்கள் அதிகமாக வந்தால் இரண்டு டிரம்ஸ் மாணவர்களையோ பியானோ மாணவர்களையோ எடுத்து, பாட்டுகளை அவர்களுக்குள் பங்கிட்டுக் கொடுப்பது பரவலான தீர்வு.

வாத்தியமும் துணைக்கருவிகளும்

டிரம்பெட், ஆல்டோ போன்ற சிறிய வாத்தியங்களை மாணவர்களே வாங்குவார்கள், அல்லது மாத வாடகைக்கு எடுப்பார்கள். பாரிடோன் சாக்ஸபோன், பாஸ் டிராம்போன், டபுள் பாஸ், டிரம்ஸ் போன்ற விலையுயர்ந்தவை பொதுவாகப் பள்ளியின் சொத்து. பள்ளியில் பாரிடோன் இருக்கிறதா என்பதே சில நேரம் அந்த அணி முழுமை பெறுமா என்பதை முடிவு செய்கிறது.

ஒரே வாத்தியத்திலும் வேறுபாடு உண்டு. சாக்ஸபோன் வாசிப்பவர்கள் கான்சர்ட் பேண்டின் மவுத்பீஸைக் கழற்றிவிட்டு, முனை இடைவெளி அதிகமுள்ள ஜாஸ் மவுத்பீஸைப் போடுவார்கள். நாதம் பளிச்சென்று வரும். முதல் டிராம்போனுக்குக் குழாயின் உள்விட்டம் சுமார் 12.9 மில்லிமீட்டர் உள்ள சிறிய வகையும், அடி ஸ்தாயியைத் தாங்கும் பாஸ் டிராம்போனுக்குச் சுமார் 14.3 மில்லிமீட்டர் உள்ள வகையும் ஏற்றவை. டிரம்பெட், டிராம்போன் வாசிப்பவர்கள் நாதத்தை மாற்றும் மியூட்டுகளையும் வைத்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்றை வாங்க இசைக்கருவிக் கடைக்கே போக வேண்டாம்: தொட்டி அடைப்பெடுக்கும் கருவியின் ரப்பர் கிண்ணத்தைக் கைப்பிடி இல்லாமல் மணிவாயின் முன்னால் வைத்து மூடித் திறப்பார்கள். 1920களில் எலிங்டன் பேண்டின் பபர் மைலியும் ‘டிரிக்கி சாம்’ நான்டனும் இப்படித்தான் வாத்தியத்தைப் பேச வைத்தார்கள்.

கணக்கு உதைக்கும்போது

சிறிய பள்ளிகளில் பிக் பேண்டுக்கு வேண்டிய ஆள் எண்ணிக்கை கைகூடுவது அபூர்வம். இது தெரிந்தே பதிப்பகங்கள் தொடக்க நிலைத் தாள்களோடு புல்லாங்குழல், பிரெஞ்சு ஹார்ன், டியூபா போன்றவற்றுக்கு மாற்றுத் தாள்களும் தருகின்றன. டிராம்போன் தாளை யூஃபோனியத்தில் வாசிக்கச் சொல்லலாம். கிளாரினெட் மாணவருக்குச் சாக்ஸபோன் கொடுத்துப் பழக்குவது மிக எளிய வழி. ஊதும் முறையும் விரல் அமைப்பும் நெருங்கியவை. பிக் பேண்ட் சாக்ஸபோன் தாள்கள் சில இடங்களில் கிளாரினெட்டும் புல்லாங்குழலும் கேட்பதால் அந்தப் பழைய பழக்கம் வீணாவதும் இல்லை.

ஆள் மிகுந்த பள்ளிகளில் இரண்டு, மூன்று பேண்டுகள் இருக்கும். 1947-லேயே ஜாஸுக்குப் பட்டப்படிப்பு தொடங்கிய வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பல பேண்டுகள் உண்டு. ஒத்திகை நேரமே அவற்றின் பெயர். ஒரு மணி பேண்டுக்குத்தான் முதலிடம். சியாட்டிலின் கார்ஃபீல்ட், ரூஸ்வெல்ட் பள்ளிகள் ‘எசென்ஷியலி எலிங்டன்’ போட்டியில் பலமுறை பெயர் வாங்கியவை. ‘ஜாஸ் அட் லிங்கன் சென்டர்’ 1990களின் நடுவில் தொடங்கிய அந்தப் போட்டிக்குப் பேண்டுகளை ஒலிப்பதிவை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அளவுக்கு ஆசைப்படும் பள்ளிகளில் தனி ஆசிரியரிடம் கற்கும் வசதி உள்ள பிள்ளைகளே முந்திவிடுகிறார்கள் என்ற குறையும் எழுகிறது. அதற்கு ஈடாகத்தான் பல இடங்களில் தேர்வே வைக்காத இரண்டாம் பேண்ட் நடக்கிறது.

ஊர் பேண்டுகளின் வழி

பெரியவர்கள் சேர்ந்து நடத்தும் ஊர் பேண்டுகளில் தேர்வு சத்தமில்லாமல் நடக்கிறது. ஓர் இடம் காலியானால் தெரிந்தவரை ஒத்திகைக்கு அழைப்பார்கள். மூன்று, நான்கு வாரம் மாற்று ஆளாக வாசிப்பார். சரிப்பட்டால் இடம் அவருடையது. வாராவாரம் வருவதும், வர முடியாத நாளில் மாற்று ஆளை அனுப்புவதும் திறமைக்குச் சமமாக எண்ணப்படுகின்றன. தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் பழக்கம் இங்கே இன்னும் முக்கியம், ஏனென்றால் வாரம் ஒரு மாலைதான் ஒத்திகை. உச்ச ஸ்தாயி முதல் டிரம்பெட் கிடைப்பது அரிது, கிடைத்தவரை விடமாட்டார்கள். இத்தகைய ஒத்திகை பேண்டுகளிலிருந்து பெரிய பேண்டுகளும் பிறந்திருக்கின்றன. நியூயார்க் ஸ்டூடியோ கலைஞர்களைச் சேர்த்துத் தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் அமைத்த பேண்ட், 1966 பிப்ரவரியில் ‘வில்லேஜ் வேன்கார்ட்’ கிளப்பில் திங்கட்கிழமை இரவுகளில் வாசிக்கத் தொடங்கியது; அதன் வழிவந்த பேண்ட் அங்கே அதே கிழமையில் இன்னும் வாசிக்கிறது.

ஊர் பேண்டில் ஓர் இடம் இருபது ஆண்டுகள் ஒருவரிடமே இருக்கலாம். பள்ளியில் அப்படி இல்லை; ஆண்டுதோறும் மேல் வகுப்பு மாணவர்கள் வெளியேறுவார்கள். அதனால் பள்ளி ஆசிரியரின் கணக்கு இந்த ஆண்டோடு முடிவதில்லை. முதல் டிரம்பெட்டுக்குப் பக்கத்தில் கீழ் வகுப்பு மாணவர் ஒருவரை அமர்த்தி அடுத்த ஆண்டுக்குத் தயார்ப்படுத்துவார். நடுநிலைப் பள்ளியில் மூன்று ஆல்டோ மாணவர்கள் இருந்தால், ஒருவரை இப்போதே பாரிடோனுக்கு மாற்றச் சொல்லி அங்குள்ள ஆசிரியரிடம் பேசுவார். ஒரு பள்ளியின் ஜாஸ் பேண்ட் ஆண்டுக்கு ஆண்டு தரம் குறையாமல் இருந்தால், தேர்வு நாளைவிட இந்த முன்னேற்பாட்டுக்கே அதில் பங்கு அதிகம்.