சாலை மிதிவண்டிக்குச் சக்கரத்தொகுதி தேர்ந்தெடுத்தல்

சக்கரத்தொகுதி என்பது மிதிவண்டியின் முன்சக்கரமும் பின்சக்கரமும் சேர்ந்த இணை ஆகும். கடைகளில் இதனை வீல்செட் என்பர். ஒவ்வொரு சக்கரத்திலும் நடுவில் ஹப், வெளிவட்டமாக ரிம், இரண்டையும் இணைக்கும் ஸ்போக்ஸ் எனப்படும் ஆரக்கம்பிகள் ஆகியவை உள்ளன. டயரும் டியூபும் பொதுவாக இதில் சேரா. சாலை மிதிவண்டி ஓட்டுவோர் பலர் முதலில் மாற்ற விரும்புவது சக்கரங்களையே. விளம்பரங்கள் எடையையும் வேகத்தையும் முன்னிறுத்துகின்றன. ஆனால் பொருத்தம், உறுதி, பிரேக்கின் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு, எடையையும் வேகத்தையும் அதன்பின் கருதுவதே சரியான வரிசையாகும்.

பொருத்தம்

இன்றைய சாலை மிதிவண்டிகளில் பெரும்பாலானவை 700சி அளவுச் சக்கரம் கொண்டவை. இவற்றில் டயரின் விளிம்பு அமரும் வட்டத்தின் விட்டம் 622 மி.மீ. ஆகும். டயரின் பக்கத்தில் 28-622 என அச்சிட்டிருந்தால், 28 என்பது டயரின் அகலத்தையும் 622 என்பது இந்த விட்டத்தையும் குறிக்கும். இந்த அளவு ஒத்திருந்தாலும் கீழ்க்கண்டவையும் பொருந்த வேண்டும்.

1. பிரேக்: ரிம்மைப் பிடிக்கும் பிரேக்குக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் வெவ்வேறு சக்கரங்கள் தேவை. டிஸ்க் தட்டை ஹப்பில் பொருத்துவதிலும் சென்டர்லாக், ஆறு போல்ட் என இரு முறைகள் உண்டு.
2. அச்சு: ரிம் பிரேக் வண்டிகளில் குவிக் ரிலீஸ் அச்சே வழக்கம், ஹப்பின் அகலம் முன்னே 100 மி.மீ., பின்னே 130 மி.மீ. இன்றைய டிஸ்க் பிரேக் வண்டிகளில் பெரும்பாலும் 12 மி.மீ. தடிமனுள்ள த்ரூ ஆக்சில் இருக்கும். அகலம் முன்னே 100, பின்னே 142 மி.மீ.
3. ஃப்ரீஹப்: பின்பக்கப் பற்சக்கரங்கள் ஏறும் உருளை இது. ஷிமானோ, ஸ்ராம், காம்பக்னோலோ நிறுவனங்களின் பற்சக்கரத் தொகுதிகளுக்கு ஏற்ப இதன் வடிவம் மாறும்.

உறுதி

மிதிவண்டிச் சக்கரம் ஆரக்கம்பிகளின் இழுவிசையால் நிற்கிறது. பின்சக்கரம் ஓட்டுநரின் எடையில் பெரும்பங்கைச் சுமப்பதோடு மிதிக்கும் விசையையும் தாங்குகிறது. பற்சக்கரங்களுக்கு இடம் விடுவதால் அப்பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நின்று, மறுபக்கத்தைவிட அதிக இழுவிசையில் இருக்கும். ஆகவே கம்பி அறுதல் பின்சக்கரத்தில்தான் மிகுதி.

எடை குறைந்தவர்களுக்கும் நல்ல சாலைக்கும் முன்னே 20, பின்னே 24 கம்பிகள் போதும். உடல் எடை கூடியவர்களுக்கும், பை கட்டி நெடுந்தூரம் செல்வோருக்கும், குண்டும் குழியுமான சாலைக்கும் 28 அல்லது 32 கம்பிகள் நல்லது. 32 கம்பிகளில் ஒன்று அறுந்தால் சக்கரம் சற்றே கோணினாலும் பெரும்பாலும் வீடு வந்து சேரலாம். 20 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தாலே ரிம் பிரேக்கில் உரசி வண்டி நின்றுவிடக்கூடும். தயாரிப்பாளர் குறிப்பிடும் எடை வரம்பையும் பார்க்க வேண்டும். அது ஓட்டுநருக்கு மட்டுமா, வண்டியும் சுமையும் சேர்த்தா என்பதைக் கேட்டறிவது அவசியம்.

ரிம்மின் பொருளும் பிரேக்கும்

அலுமினிய ரிம் விலை குறைந்தது. மழையிலும் ஓரளவு நன்றாகப் பிடிக்கும். ரிம் பிரேக்கில் அதன் பக்கச்சுவர் நாளடைவில் தேயும். பல ரிம்களில் இதைக் காட்டச் சிறு குழியோ கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மை மாற்ற வேண்டும். இல்லாவிடில் காற்றழுத்தத்தால் சுவர் வெடிக்கலாம்.

கார்பன் ரிம் ஆழமாக இருந்தும் எடை குறைவாக இருக்கும். ஆனால் ரிம் பிரேக் வண்டியில், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால், சூட்டில் அதன் பிசின் இளகி ரிம் சிதையக்கூடும். அதற்கென உள்ள பிரேக் கட்டைகளையே பயன்படுத்த வேண்டும். டிஸ்க் பிரேக்கில் சூடு தட்டுக்குச் செல்வதால் இச்சிக்கல் இல்லை.

எடை

சக்கரத்தின் எடை குறைந்தால் எவ்வளவு நன்மை என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. புதிய சக்கரங்கள் 300 கிராம் குறைவு என்று கொள்வோம். குறையும் எடை மொத்தத்தில் 0.4 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு மணி நேர மலையேற்றத்தில் இதனால் மிஞ்சுவது அதிகமாகப் போனால் 13 வினாடி. வேகம் எடுக்கும் கணத்தில் மட்டும் ரிம்மின் எடை, சுழலாத பாகத்தின் எடையைப் போல் ஏறத்தாழ இருமடங்காக உணரப்படும்.

ரிம்மின் ஆழம்

காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. அதாவது வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு வேண்டும். எனவே சமதரையில் வேகமாக ஓட்டுவோருக்கு 40 முதல் 50 மி.மீ. ஆழமுள்ள ரிம் உதவும். எனினும் காற்றுத்தடையின் பெரும்பகுதி ஓட்டுநரின் உடலால் வருவதே. குனிந்து அமரும் முறை செலவின்றிக் கிடைக்கும் வேகம். ஆழமான முன்சக்கரம் பக்கக் காற்றில் கைப்பிடியைத் திருப்பும். ஆரல்வாய்மொழி போன்ற காற்றாலைப் பகுதிகளில் ஓட்டுவோருக்கு 30 மி.மீ. அளவே பாதுகாப்பு.

ரிம்மின் அகலமும் டயரும்

முன்பு 23 மி.மீ. டயரே வழக்கம். இன்று 28 முதல் 32 மி.மீ. வரை பரவலாகிவிட்டது. இதற்கு 19 முதல் 23 மி.மீ. உள் அகலமுள்ள ரிம் பொருந்தும். பிரான்சின் பாரிஸ்–ரூபே பந்தயத்தின் கற்பாவிய பாதைகளில் வீரர்கள் ஒருகாலத்தில் 32 கம்பிச் சக்கரங்களை நம்பினர். இன்று அகன்ற டயரைக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டுவதால் கார்பன் சக்கரங்களே அங்கு ஓடுகின்றன.

சில புதிய ரிம்களில் டயரைப் பற்றும் கொக்கி விளிம்பு இல்லை. இவற்றை ஹுக்லெஸ் என்பர். இவற்றுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த டியூப்லெஸ் டயரே பொருந்தும். அழுத்தம் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. வழக்கம்போல் 100 பி.எஸ்.ஐ. அடித்தால் டயர் கழன்றுவிடும் அபாயம் உண்டு.

வாங்கும் முன்

தலை வளைந்த சாதாரண ஆரக்கம்பி எளிதில் கிடைக்கும்; கோட்டம் எடுக்கத் தெரிந்த எந்தக் கடையிலும் அதை மாற்றலாம். ஒரு நிறுவனத்துக்கே உரிய தனிவகைக் கம்பி அறுந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். நாள்தோறும் ஓட்டும் மாணவருக்கும் பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கும் 24 முதல் 28 கம்பிகளும் ஏறத்தாழ 30 மி.மீ. ஆழமும் கொண்ட அலுமினியச் சக்கரங்கள் போதுமானவை. மிஞ்சும் பணத்தில் நல்ல டயர் வாங்கினால் பயணம் மேலும் சுகமாகும். புதிய சக்கரங்களைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் கம்பிகளின் இறுக்கத்தைச் சரிபார்க்கக் கொடுப்பது அவற்றின் ஆயுளைக் கூட்டும்.