முயல் முடி எப்படி இயந்திரத்தை அடைக்கிறது?

பினாங்கில் ஆயர் ஈத்தாம் சாலையை ஒட்டி, ஆற்றோரமாக டோபி காட் இருக்கிறது. தமிழர்களுக்கு அது வண்ணாந்துறை. தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக ஜார்ஜ் டவுன் மக்களின் துணிகளை அந்த ஆற்றில் துவைத்து, அக்கரையிலும் இக்கரையிலும் கொடி கட்டிக் காயவைத்தார்கள். அவர்கள் வழிபடும் ஸ்ரீ ராமர் ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. ஓடும் நீரில் துவைப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. துணியை விட்டுப் பிரிந்த எதுவும் அந்தத் துணிக்குத் திரும்பி வராது, ஆறு கொண்டுபோய்விடும்.

இன்று அடுக்குமாடி வீடுகளில் சுழலும் சலவை இயந்திரத்துக்கு அந்த வசதி இல்லை. அது ஒரு மூடிய தொட்டி. ஒருமுறை நிரப்பிய நீரையே பல நிமிடம் சுற்றிச் சுற்றிக் கலக்குகிறது. முயலோ கினிப் பன்றியோ படுத்த ஃபிளீஸ் விரிப்பை அப்படியே சுருட்டி உள்ளே போட்டால், அதில் ஒட்டிய முடியும் காய்ந்த புல்லும் மரச்சீவலும் அந்த நீருக்குள்ளேயேதான் அலையும். வெளியே போக இருப்பது ஒரு குறுகிய குழாய், அதன் வாயில் ஒரு சிறிய பம்ப்.

முடிதானே, நீரோடு போய்விடாதா? போகாது. காரணம் அந்த முடியின் மேல்தோலில் இருக்கிறது.

பாலூட்டிகளின் முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நுண்ணோக்கியில் பார்த்தால், பழைய கடைவீடுகளின் கூரையில் ஓடு வேய்ந்ததுபோல மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். எல்லாச் செதில்களின் விளிம்பும் வேரிலிருந்து நுனியைப் பார்த்தே நீட்டிக்கொண்டிருக்கும். வேரிலிருந்து நுனி நோக்கித் தடவினால் விரல் வழுக்கும், எதிர்த்திசையில் தடவினால் சொரசொரப்பு தட்டும். உதிர்ந்த முடியைப் பிசைந்தால் அது தன் வேர்ப்பக்கமாக மட்டுமே நகரும். பின்வாங்க முயன்றால் செதில் விளிம்புகள் பக்கத்து இழைகளில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் முன்னேறும், ஒருபோதும் திரும்பாது. ஆயிரக்கணக்கான இழைகள் இப்படி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தால் கையால் பிரிக்க முடியாத தகடு உருவாகிறது.

நீர் இதற்குத் துணைபோகிறது. கெரட்டின் தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீரை உறிஞ்சும். முழுக்க நனைந்த முடி 15 விழுக்காடு அளவுக்குப் பருக்கும், ஆனால் நீளம் ஓரிரு விழுக்காடுதான் கூடும். நனைந்த இழை எளிதாக வளையும், சவர்க்காரம் அதை வழுக்க வைக்கும், இயந்திரம் விடாமல் பிசையும். கம்பளித் துணி செய்பவர்கள் வேண்டுமென்றே தேடும் சூழல் இதுதான். ஈரம், வெப்பம், சவர்க்காரம், பிசைதல் நான்கும் சேர்ந்தால் முடி ஃபெல்ட் என்னும் அடர்ந்த தகடாகிவிடுகிறது.

உலகின் பல உயர்ரக ஃபெல்ட் தொப்பிகள் முயல் முடியால் செய்யப்படுபவை. முயலின் அடிமுடி சுமார் 15 மைக்ரான் தடிமன்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. மனிதத் தலைமுடி அதைவிட நான்கைந்து மடங்கு தடிப்பு. முயல் முடி இன்னும் வேகமாகப் பின்னிக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஐரோப்பிய, அமெரிக்கத் தொப்பித் தொழிலாளர்கள் அதைப் பாதரச நைட்ரேட் கரைசலில் தோய்த்தார்கள். அதிலிருந்து எழுந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுக்கமும் மனக் குழப்பமும் வந்தன. அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் 1941இல்தான் கைவிடப்பட்டது. இழைகளைப் பின்ன வைப்பதற்காக மனிதர்கள் உடல்நலத்தையே பறிகொடுத்த வேலையை, நம் வீட்டு இயந்திரம் பம்ப்பின் வாயிலில் தானாகவே செய்துவிடுகிறது.

அப்படியானால் சவர்க்காரத்தில் உள்ள நொதிகள் இந்த முடியைக் கரைக்காதா? இரத்தக் கறை, பால் கறை போன்ற புரதங்களை அவை அறுத்துவிடும். கெரட்டினிடம் அவற்றின் வேலை பலிக்காது. கெரட்டின் சங்கிலிகள் கந்தக அணுக்களின் பிணைப்பால் ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டப்பட்டவை. அடைப்பு நீக்கும் காரத்தூள் முடியைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் அதை இயந்திரத்தில் கொட்டுவது உலோகத்துக்கும் ரப்பருக்கும் கேடு, கொட்டுபவரின் கண்ணுக்கும் ஆபத்து. அதை யாரும் செய்ய வேண்டாம்.

ஆக, முடியைப் பிரிக்க வேண்டிய நேரம் நீர் படுவதற்கு முன்புதான். காய்ந்த முடி உதிரும், நனைந்த முடி பின்னும். இதை மனத்தில் வைத்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

பினாங்கின் காற்று இங்கே ஒரு தடை. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் தீவில், முடி எப்போதும் கொஞ்சம் ஈரத்தோடுதான் இருக்கிறது. அதனால் விரிப்பைத் துவைப்பதற்கு முன்பே நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் போடுங்கள். பிறகு குப்பைப் பையின் வாய்க்குள் பிடித்து உதறுங்கள். புல்லும் மரச்சீவலும் பெரும்பாலும் அப்போதே விழுந்துவிடும். மிச்சத்தை ரப்பர் கையுறை அணிந்த கையால் ஒரே திசையில் வழித்தால் முடி உருண்டு திரளும். தூசு ஒவ்வாதவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது. ஐந்தடி நடைபாதையிலோ பின்சந்துச் சாக்கடையிலோ உதறாதீர்கள். இங்கே ஒரே மழையில் சாக்கடைகள் நிரம்பிவிடுகின்றன.

அடுத்து, விரிப்பை ஜிப் வைத்த நெருக்கமான வலைப்பைக்குள் போட்டுத் துவைக்க வேண்டும். நீர் உள்ளே போய்வரும், முடிக்கட்டியும் புல்லும் பைக்குள்ளேயே தங்கும். பையில் பாதியாவது காலியாக இருக்கட்டும், திணித்த துணியில் நீர் ஓடாது. மேலே திறக்கும் இயந்திரத்தில் தொட்டியின் உட்சுவரில் ஒரு வலைப் பெட்டி இருக்கும். முன்புறம் திறப்பதில் கீழ் மூலையில் ஒரு மூடி, அதற்குப் பின்னால் பம்ப்பின் வடிகட்டி. இப்படி ஒரு மூடி இருப்பதே பல வீடுகளில் யாருக்கும் தெரியாது, பழுது பார்க்க ஆள் வரும்வரை. கீழே ஒரு தட்டு வைத்துவிட்டுத் திறவுங்கள், தேங்கிய நீர் கொட்டும்.

சாஃப்டனர் வேண்டாம். அது இழைகள்மேல் மெழுகுப் பூச்சாகப் படிந்து, விரிப்பு ஈரத்தைக் கீழே கடத்தும் திறனைக் குறைத்துவிடும். விலங்கு நனைந்த துணியிலேயே படுக்க நேரும்.

சிறுநீர்க் கறையின் கதை வேறு. பெரும்பாலான பாலூட்டிகள் உணவில் மிஞ்சிய கால்சியத்தைக் குடலிலேயே விட்டுவிடும். முயலும் கினிப் பன்றியும் அதைச் சிறுநீரில் ஏராளமாகக் கழிக்கின்றன. காய்ந்ததும் வெண்சுண்ணமாகப் படியும் அது சவர்க்காரத்துக்கு அசையாது, அமிலத்துக்குக் கரையும். ஒரு வாளி நீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, அலசிவிட்டு இயந்திரத்தில் போடலாம். நாற்றமோ நேரத்தோடு வளர்வது. சிறுநீரின் யூரியாவை நுண்ணுயிரிகள் அம்மோனியாவாக உடைக்கின்றன. நம் வெப்பத்தில் அந்த வேலை விரைவாக நடக்கும், ஆகவே நனைந்த விரிப்பைக் கூடையில் நாள்கணக்கில் சேர்த்துவைக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறுநீர் ஊறிய துணியில் பிளீச் ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயு எழும். வினிகரோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு. மூடிய குளியலறையில் இரண்டுமே நுரையீரலைப் புண்ணாக்கும்.

தீவெங்கும் நாணயம் போட்டுத் துவைக்கும் டோபி கடைகள் பெருகிவிட்டன. விலங்குகளின் துணி கூடாது என்று பல கடைகளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், அது நியாயமானதுதான். உங்களுக்குப் பின்னால் அதே தொட்டியில் ஒரு கைக்குழந்தையின் சட்டையோ ஆஸ்துமாக்காரரின் தலையணை உறையோ போகலாம். வீட்டில் இயந்திரம் இல்லாதவர்கள் விரிப்பை உதறி, வாளியில் கையால் கசக்கி, பிழிந்து வெயிலில் போடுங்கள். ஃபிளீஸ் பாலியெஸ்டர் என்பதால் நீரை அதிகம் பிடித்துவைக்காது, நம் வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடும்.