சர்க்கரை வந்த எலி ஏன் வளரவில்லை?

“டாக்டர், பையனுக்கு இன்சுலின் ஊசி போட ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாச்சு. கூடப் படிக்கிற பசங்க எல்லாம் கிடுகிடுன்னு வளர்றாங்க. இவன் மட்டும் அப்படியே இருக்கான். ஊசிதான் காரணமோ? நிறுத்திட்டு உங்க சூரணமே கொடுங்களேன்!”

சித்த வைத்தியரிடம் வந்து இப்படிக் கேட்கும் பெற்றோர் நிறைய பேர். அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: ஊசியால் வளர்ச்சி நிற்காது. இன்சுலின் போதாவிட்டால்தான் நிற்கும்! இதை நமக்குப் புரியவைத்தவை ஆய்வுக்கூட எலிகள்.

பட்டாணி அளவு சுரப்பி

மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கிறது பிட்யூட்டரி. வளர்ச்சி ஹார்மோன் இங்கேதான் சுரக்கிறது. குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே சீராக வராது. அலை அலையாக வரும். இதற்கு மேலிடம் ஹைப்போதலாமஸ். அங்கிருந்து ‘சுரக்கலாம்’ என்று ஒரு கட்டளையும், ‘போதும், நிறுத்து’ என்று இன்னொரு கட்டளையும் வரும். நிறுத்தச் சொல்லும் பொருளின் பெயர் சொமட்டோஸ்டேடின்.

சுரந்த ஹார்மோன் கல்லீரலுக்குப் போய், ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளை உண்டாக்கச் சொல்கிறது. எலும்பு நீள இந்த ஐ.ஜி.எஃப்-1 வேண்டும்.

எலிக்குச் சர்க்கரை வந்தால்...

ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றினால், எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துவிடும். அப்புறம் நம்மாட்கள் மாதிரியேதான். தாகம், அடிக்கடி சிறுநீர், எவ்வளவு தின்றாலும் மெலிவு. குட்டி எலியாக இருந்தால் வளர்ச்சியும் குன்றிப்போகும்.

நல்ல ஆண் எலிக்கு ஏறக்குறைய மூன்றேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஹார்மோன் அலை எழும். சர்க்கரை வந்த எலியில் இந்த அலை அடங்கிப்போகிறது. கனடாவின் குளோரியா டானன்பாம் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட எலிகளுக்கு சொமட்டோஸ்டேடினை முறிக்கும் மருந்து கொடுத்தார். அடங்கிய அலை மறுபடி எழுந்தது! அதாவது சுரப்பி செத்துவிடவில்லை. ‘நிறுத்து’ என்ற கட்டளைதான் ஓங்கியிருந்தது.

கோளாறு அதோடு முடியவில்லை. இன்சுலின் இல்லாத கல்லீரல், வளர்ச்சி ஹார்மோன் சொல்வதைச் சரியாகக் காதில் வாங்காது. அதனால் ஐ.ஜி.எஃப்-1 குறைகிறது. 1986-ல் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில், சர்க்கரை வந்த எலிகளுக்கு ஐ.ஜி.எஃப்-1-ஐயே நேராகச் செலுத்தினார்கள். அவை மறுபடி வளர்ந்தன.

மனிதன் எலி அல்ல!

இங்கேதான் ஒரு வேடிக்கை. சர்க்கரை கட்டுப்படாத டைப்-1 குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவதில்லை, கூடுகிறது! கல்லீரல் கேட்காததால் ஐ.ஜி.எஃப்-1 குறையும். அதைச் சரிக்கட்ட பிட்யூட்டரி இன்னும் இன்னும் சுரக்கும். ஆனால் இந்த ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராளி. கணையம் எடுக்கப்பட்ட நாய்க்கு பிட்யூட்டரியையும் எடுத்தால் சர்க்கரையின் கடுமை குறைகிறது என்று காட்டினார் அர்ஜென்டினாவின் ஹுசே. பிட்யூட்டரி ஆராய்ச்சிக்காக 1947-ல் நோபல் பரிசும் பெற்றார்.

ராத்திரி நன்றாகத் தூங்கிய பிள்ளைக்கு விடியற்காலையில் சர்க்கரை ஏறி நிற்பதற்கு, தூக்கத்தில் சுரக்கும் இந்த ஹார்மோனும் ஒரு காரணம். “ராத்திரி திருட்டுத்தனமா இனிப்பு தின்னியா?” என்று எடுத்தவுடன் அடிக்காதீர்கள்!

பெற்றோர் கவனத்துக்கு

* இன்சுலினை ஒருநாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம்.
* மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை குறித்து வையுங்கள். எச்.பி.ஏ.1சி பரிசோதனையும் செய்யுங்கள்.
* வளர்ச்சி பின்தங்கினால் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.
* காலைச் சர்க்கரை தினமும் ஏறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி அளவை நீங்களே மாற்ற வேண்டாம்.
* சர்க்கரைக்குப் பயந்து பட்டினி போடாதீர்கள். பருப்பு, முட்டை, பால், கீரை எல்லாம் வளர்கிற உடம்புக்கு வேண்டும்.

பெரியவர்களின் மதுமேகத்துக்கு ஆவாரைக் குடிநீர் கொடுப்பவன்தான் நான். ஆனால் டைப்-1 குழந்தைக்கு இன்சுலினுக்கு மாற்று எங்கள் சூரணத்திலும் இல்லை, குடிநீரிலும் இல்லை. ஊசியை ஒழுங்காகப் போடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் பிள்ளை தன்னால் வளர்ந்துவிடுவான்!