நாகரிகம் வளர்க்கும் ஆட்டம்

ஆடுபுலி ஆட்டத்தையும் சதுரங்கத்தையும் அறியாதவர் நம்முள் இலர். ஒருவர் காய் நகர்த்திய பின்னரே மற்றவர் நகர்த்த வேண்டும். கைவேகம் அங்கே உதவாது; பொறுமையும் முன்யோசனையுமே உதவும். இவ்வாறு முறை வைத்துக் கணினியில் ஆடும் ஆட்டங்களுள் பெரும்புகழ் பெற்றது 'சிவிலைசேஷன்'. நாகரிகம் என்பது இப்பெயரின் பொருள். ஒரு மக்கள் கூட்டத்தைக் கி.மு. 4000இல் தொடங்கி விண்வெளிக் காலம் வரை வழிநடத்திச் செல்வதே இந்த ஆட்டம்.

அமெரிக்காவில் சிட் மேயரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கிய இதன் முதல் பாகம் 1991இல் வெளிவந்தது. ஆடும் விதத்தை நம் ஊரைக் கொண்டே விளக்கலாம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் முதலில் ஏரியும் வயலும் இருந்தன. இராயபுரத்திலிருந்து 1856இல் புறப்பட்ட இருப்புப்பாதை இவ்வழியே வந்தது. 1960களில் தொழிற்பேட்டையும் டாங்கித் தொழிற்சாலையும் எழுந்தன. ஆட்டத்திலும் ஊர் இப்படித்தான் வளர்கிறது. முதலில் நீரும் நல்ல நிலமும் உள்ள இடம் பார்த்துக் குடியேற வேண்டும். விளைச்சல் பெருகினால் மக்கள் பெருகுவர். மக்கள் பெருகினால் உழைப்பும் பொன்னும் அறிவும் பெருகும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட முடியாது. களஞ்சியம் கட்டினால் காவல் குறையும். படை திரட்டினால் நூலகம் தள்ளிப்போகும். எழுத்தைக் கண்டறியாமல் நூலகம் கட்டவும் இயலாது. இன்று எடுத்த முடிவின் பலன் ஐம்பது முறை கழித்தே தெரியவரும். ஆட்டத்தின் சுவையே இதில்தான் இருக்கிறது. பகைவரை எல்லாம் வென்றும் வெற்றி பெறலாம். போரை விரும்பாதவர் பிறருக்கு முன்னே வேறொரு விண்மீனுக்கு விண்கலம் அனுப்பியும் வெல்லலாம்.

2001இல் வந்த மூன்றாம் பாகம், கலை வளர்த்தும் வெல்லலாம் என்ற விதியைச் சேர்த்தது. 2005இல் வந்த நான்காம் பாகத்தில் சமயங்கள் இடம்பெற்றன. அதன் தொடக்கப் பாடல் எது தெரியுமா? நாம் நாள்தோறும் சொல்லும் கர்த்தர் கற்பித்த செபமேதான், ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில்! கிறிஸ்டோபர் டின் இசையமைத்த அப்பாடல் 2011இல் கிராமி விருது பெற்றது. கணினி விளையாட்டு இசை ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

முதல் பாகத்தில் நம் நாட்டின் தலைவராக வந்தவர் காந்தியடிகள். ஒரு கணக்குப் பிழையால் அவர் அணுகுண்டு வீசுவார் என்றொரு கதை நெடுங்காலம் உலவியது. அப்படியொரு பிழை இருந்ததே இல்லை என்று சிட் மேயர் 2020இல் வெளியிட்ட தம் நூலில் மறுத்தார்.

2025இல் வெளிவந்த ஏழாம் பாகத்தில் சோழர் ஒரு தனி நாகரிகமாக இடம்பெற்றனர். கடலில் செல்லக் 'கலம்' உண்டு. கட்டி எழுப்பத் தஞ்சைப் பெரிய கோவில் உண்டு. முதலாம் இராசேந்திரனின் படை 1025இல் கடல் கடந்து ஸ்ரீவிசயத்தைத் தாக்கியது. சரியாக ஆயிரம் ஆண்டுகள் கழித்து உலகெங்கும் சிறுவர் சிறுமியர் சோழர் கலத்தைச் செலுத்துவது நமக்குப் பெருமை அன்றோ?

எனினும் ஒன்றை மறத்தலாகாது. இந்த ஆட்டத்தில் நாம் எப்போதும் அரியணையில்தான் அமர்ந்திருக்கிறோம். அங்கிருந்து பார்த்தால் மக்கள் வெறும் எண்ணாகவே தெரிவர். ஓர் ஊர் அழிந்தால் ஓர் எண் குறையும், அவ்வளவே. கண்ணீர் தெரியாது.

உண்மை வரலாறு அப்படிப்பட்டதன்று. சோழர் கல்வெட்டுகளில் மன்னர் பெயர் மட்டுமா இருக்கிறது? ஏரியைப் பேணிய ஊர்ச்சபையும் உண்டு. ஆடுகளைப் பெற்றுக்கொண்டு கோவில் விளக்குக்கு நெய் அளந்த இடையரின் பெயரும் உண்டு. அத்தகைய சோழர் காலக் கல்வெட்டுகள் நமக்கு அருகே திருமுல்லைவாயில் கோவிலிலேயே இருக்கின்றன.

"இன்னும் ஒரே ஒரு முறை" என்று நள்ளிரவு வரை விழிக்கச் செய்வது இவ்வாட்டத்தின் குறை என்பதைப் பெற்றோர் அறிவர். ஆகவே தோழியரே, அளவோடு ஆடுவோம். முன்யோசனையை ஆட்டத்திடம் கற்போம். மக்களைப் பெயர் சொல்லி மதிக்கும் பண்பைக் கல்வெட்டுகளிடம் கற்போம். இரண்டும் சேர்ந்ததே நாகரிகம்.