உங்களுக்குத் தெரியுமா? பெட்ரோல் முள் பொய் சொல்வது ஏன்?

டேங்க் நிறைய பெட்ரோல் போட்டும் முள் பாதியைத் தாண்டவில்லையா? செகண்ட் ஹேண்ட் கார்களில் இது சகஜம்.

● டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏற இறங்க, அதன் கம்பியில் உள்ள தொடுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசி நகரும். மின்தடை மாறுவதை வைத்தே முள் அசைகிறது.

● பட்டையில் ஓரிடம் மட்டும் தேய்ந்திருந்தால், குறிப்பிட்ட மட்டம் வரும்போதெல்லாம் முள் திடீரென விழுந்து எழும். எப்போதும் காலி என்றே காட்டினால், மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம்.

● எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும் சேர்ந்து தடுமாறினால் டேங்கில் கைவைக்காதீர்கள். முதலில் ஃபியூஸையும் எர்த் வயரையும் பாருங்கள்.

● பல கார்களில் பின் சீட்டுக்கு அடியிலுள்ள மூடியைத் திறந்தாலே மிதவையும் பட்டையும் அடங்கிய டேங்க் யூனிட்டை வெளியே எடுக்கலாம். மல்டிமீட்டரை இணைத்து மிதவைக் கம்பியை மெல்ல ஏற்றி இறக்கினால் ஓம் அளவு சீராக மாற வேண்டும். நடுவில் துள்ளினால் யூனிட்டை மாற்ற வேண்டியதுதான். பெட்ரோல் ஆவியில் ஒரு பொறி போதும் என்பதால், இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

● பெட்ரோலே முள்ளைக் கெடுத்ததும் உண்டு! 2004 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடா, லூசியானா மாநிலங்களில் விற்ற பெட்ரோலில் கந்தகம் கூடிப்போனது. அது யூனிட்டின் வெள்ளித் தொடுமுனைகளை அரித்ததால், காலியான டேங்கையும் முள் 'ஃபுல்' என்று காட்டியது.