பழவேற்காட்டுக் காண்போரும் ‘பீட்சா’ திரைப்படமும்: அச்சம் என்னும் மெய்ப்பாடு பற்றிய ஓர் ஆய்வு

அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கு எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துரைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. அணங்கு என்பதனுள் பேயையும் பூதத்தையும் அடக்கிப் பொருள் கூறுவர் பேராசிரியர். இந்நான்கனையும் ஒரே நிரலில் வைத்தமை பற்றி உரையாசிரியர்கள் மிகுதியும் ஆராய்ந்திலர். பேய்க்கு அஞ்சுதலும் திருடனுக்கு அஞ்சுதலும் தன்னை ஆள்வோனுக்கு அஞ்சுதலும் ஓரினத்தனவோ என்பது வினவத்தக்கதே. இவ்வினாவை எம் உள்ளத்தில் மீண்டும் எழுப்பியது ஏட்டுச்சுவடி ஒன்றன்று. 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் வெளிவந்த ‘பீட்சா’ என்னும் தமிழ்த் திரைப்படமேயாகும்.

ஆராய்ச்சி இதழில் திரைப்படத்திற்கு இடமளித்தல் தகுமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். கூத்தும் நாடகமும் மெய்ப்பாட்டிற்கு இலக்கியமாயின், இற்றைநாள் மக்கள் நாள்தோறும் காணும் திரைக்கூத்து மட்டும் விலக்கப்படுதற்குக் காரணம் யாதும் இல்லை என்பது எம் கருத்து.

இப்படம் கார்த்திக் சுப்பராஜ் இயக்கிய முதற்படம். சி. வி. குமார் படைத்தார், விசய் சேதுபதி, ரம்யா நம்பீசன் ஆகியோர் நடித்தனர், சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார். பெருஞ்செலவின்றி எடுக்கப்பட்டது. இருண்ட மாளிகை ஒன்று, கைவிளக்கின் வட்டமான ஒளி, அதன் பின்னே ஓர் இளைஞனின் வெளிறிய முகம் என்னும் இவையே நெடுநேரம் திரையில் உள. செலவுச் சுருக்கம் ஈண்டுக் குறையாகாது நலமாயிற்று. காணப்படாததே அச்சுறுத்தும் என்பதனை வறுமை கற்பித்தது போலும்.

கதையைச் சுருங்கக் கூறுதும். பீட்சா என்னும் மேலைநாட்டு உணவினை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் பணியாளன் மைக்கேல். பேய்க்கதை எழுத விழையும் அனு என்பாள் அவன் துணைவி. ஒருநாள் குருதி படிந்த கோலத்துடன் கடைக்கு மீளும் மைக்கேல், தான் சென்ற மாளிகையில் விளக்கணைந்து கதவடைபட்டதையும், ஆங்குக் கண்ட பேய்களையும், அனு காணாமற்போனதையும் முதலாளியிடமும் உடன்பணியாளரிடமும் நடுங்கிய குரலிற் கூறுகின்றான். முதலாளி நம்புகின்றார், அவர் வீட்டிலேயே பேய் பிடித்தவளாகக் கருதப்படும் மகள் ஒருத்தி உண்டு. காண்போரும் நம்புகின்றனர். இறுதிப் பகுதியிலேதான் உண்மை புலனாகின்றது. முதலாளி ஒப்படைத்த பொதியினுள் வைரங்கள் மறைந்திருந்தன. அவற்றைக் கவர்ந்துகொள்ளும் பொருட்டு மைக்கேலும் அனுவும் கூடிப் புனைந்ததே பேய்க்கதை முழுமையும். அனு வைரங்களுடன் வேறிடத்தில் நலமாக உள்ளாள். இவ்வளவில் முடிந்திருப்பின் இது திருட்டுக்கதை ஒன்றேயாம். ஆயின் படம் ஈண்டு நிற்கவில்லை. மைக்கேல் மற்றொரு வீட்டிற்குப் பீட்சா கொண்டு செல்கின்றான், கதவு அடைபடுகின்றது, இம்முறை கதை புனைவார் எவரும் இலர்.

படம் பெருவெற்றி பெற்றது. கன்னடம், வங்காளம், இந்தி ஆகிய மொழிகளில் மீண்டும் எடுக்கப்பட்டது. எனினும் காண்போர் ஒருமனப்பட்டிலர். பேயைப் பொய்யாக்கிய திருப்பத்தையே படத்தின் உயிர் எனப் பாராட்டினோர் ஒருசாரார். அதனையே வஞ்சகம் எனக் கடிந்தோர் மற்றொரு சாரார். இறுதியில் உண்மைப் பேய் தோன்றுவது பொருந்துமா என்பதிலும் இவ்விருசாராரும் தம்முள் வேறுபட்டனர். இவ்வேறுபாட்டினை வெறுஞ் சுவைவேற்றுமை என ஒதுக்குதல் கூடாது என்பதனைப் பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவர் குப்பங்களிற் கேட்டறிந்த சில உரைகள் எமக்கு உணர்த்தின. யாம் செய்தது கணக்கெடுப்பன்று. வேறொரு பணியின்பொருட்டுச் சென்றிருந்த மாலைகளில் செவிப்பட்டவற்றையே ஈண்டுக் கூறுகின்றோம்.

பழவேற்காடு திருவள்ளூர் மாவட்டத்தது. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவிற்கு அடுத்துப் பெரியது அவ்வேரி. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்துள் அடங்கும். ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் ஈண்டுக் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். கோட்டை அழிந்தது, அவர்தம் கல்லறைகள் உள. அக்கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டு வடிவங்கள் கல்லிற் செதுக்கப்பட்டு நிற்கின்றன. புதிதாக வருவோர் அவற்றைக் கண்டு மருள்வர். உள்ளூர்ச் சிறுவர்க்கு அவை கதவுத்தூண் போல்வன. ஒன்றே பொருளாயினும் காண்போர் வேறுபட மெய்ப்பாடும் வேறுபடும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

இக்குப்பங்களின் வாழ்வு நீரையும் சொல்லையும் நம்பியது. எந்நாளில் எவ்வூரார் ஏரியின் எப்பகுதியில் வலையிடுவது என்பதனைப் ‘பாடு’ என்னும் முறையால் வகுத்துக்கொள்வர். எழுத்தினும் ஊரவையின் வாய்ச்சொல்லுக்கே ஆண்டு வலிமை மிகுதி. அவையில் ஒருவன் கூறுவது பொய்யாயின் அவன் இழப்பது பொருளை மட்டுமன்று. பொய்யாக ஒரு சாவை அறிவித்தல் இத்தகைய ஊரில் எத்துணைப் பெரும்பிழை என்பதனைப் படிப்போர் எண்ணிப் பார்க்க.

யாம் உரையாடிய இளைஞருள் துறைமுகப் பக்கம் ஒப்பந்த வேலைக்குச் சென்றுவரும் ஒருவர், படத்தை மும்முறை பார்த்ததாகக் கூறினார். மைக்கேல் செய்தது திருட்டே அன்று என்பது அவர் கட்சி. “மொதலாளி மட்டும் நேர்மையா சம்பாரிச்சாராண்ணே? அவரை ஏமாத்த இவங்கிட்ட வேற என்ன இருக்கு, பேயைத் தவிர?” என்றார். இவ்வுரையைக் கேட்டபோது தொல்காப்பியரின் நிரல் எமக்கு விளங்கத் தொடங்கியது. படத்தின் முற்பகுதியில் அச்சத்திற்கு நிலைக்களன் அணங்கு. திருப்பத்தின்பின் அவ்விடத்தைக் கள்வர் கைக்கொள்கின்றனர். இவ்விரண்டிற்கும் அடியில் தொடக்கமுதல் நின்றது இறை, அஃதாவது முதலாளிக்கு அஞ்சும் பணியாளன் அச்சம். எளியவன் வலியவனுக்கு அஞ்சிய அச்சத்தை அணங்கின்மேல் ஏற்றி, அதனை வலியவனுக்கே திருப்பிக் கொடுக்கின்றான். திருப்பத்தைப் பாராட்டுவோர், தாமும் யாரேனும் ஒருவர்க்கு அஞ்சிப் பணிசெய்வோராதலின், பேய் பொய்யாதல் கண்டு வருந்துவதில்லை, உவகையே எய்துகின்றனர்.

அவர் அருகிருந்த நண்பர் உடன்படவில்லை. “பேயே இல்லைன்னு சொல்லிட்டு, கடைசியில இருக்குதுன்னா நான் எதைத்தான் நம்புறது?” என்பது அவர் முறையீடு. இது நகைத்து விடுத்தற்குரிய வினாவன்று. உய்ப்போன் எய்திய உணர்வு காண்போரைச் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்பது செயிற்றியனார் கருத்தென இளம்பூரணர் உரையால் அறிகின்றோம். ‘பீட்சா’வில் உய்ப்போனாகிய மைக்கேல் அஞ்சவேயில்லை, அஞ்சியதாக நடித்தான். இல்லாத அச்சம் எங்ஙனம் எம்பால் வந்து சேர்ந்தது? நடிகன் அஞ்சாமலே அஞ்சிக் காட்டுதல் எல்லாக் கூத்திற்கும் பொதுவன்றோ எனின், அன்று; நடிகன் நடிக்கின்றான் என்பதனைக் காண்போன் அறிவான்; கதைமாந்தனும் நடிக்கின்றான் என்பதனை அறியான். தான் முழுமனத்தோடு கொடுத்த அச்சம் வெறுமையை நோக்கிச் சென்றது என உணரும்போது, மருட்கை எய்துவோரும் உளர், வெகுள்வோரும் உளர். எம் நோக்கில் இருசாராரும் படத்தைச் செவ்வனே உணர்ந்தோரே.

இத்தகைய பிளவு தமிழ்நாட்டிற்கே உரியதன்று. 1999-இல் அமெரிக்காவில் டேனியல் மிரிக், எடுவர்டோ சாஞ்செஸ் என்னும் இருவர் மிகச் சிறு தொகையில் ‘பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ என்னும் படத்தை எடுத்தனர். காட்டில் வழிதவறிய மாணவர் மூவர் தாமே எடுத்துவைத்த படச்சுருள் இஃது என உண்மைபோற் காட்டி அதனை விளம்பரப்படுத்தினர். பேய் ஓரிடத்தும் திரையில் தோன்றாது. உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடியே 80 இலட்சம் டாலர் ஈட்டிய அப்படத்தைக் கண்டு உறக்கமிழந்தோரும் பலர். ஏமாற்றப்பட்டோம் எனச் சினந்தோரும் பலர்.

ஆயினும் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பழவேற்காடு அமைந்த திருவள்ளூர் மாவட்டத்திலேயே, திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், இதனின் ஆழமான கதையொன்று வழங்குகின்றது. வஞ்சனையாற் கொலையுண்ட பெண் நீலி என்னும் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாகிய கணவனைத் தொடர்கின்றாள். கள்ளிக்கொம்பைக் குழவியாக்கி இடையில் ஏந்தி, ஊரவையின் முன் தன்னை அவன் மனைவி என்கின்றாள். அவனோ அவள் பேய் என்று கதறுகின்றான். அவையத்து வேளாளர் எழுபதின்மர் அவள் கூற்றை நம்பி, வணிகன் உயிர்க்குத் தம் உயிரைப் பிணையாக வைத்தனர். வணிகன் இறந்தான், எழுபதின்மரும் சொற்காத்துத் தீயிற் புகுந்தனர். சம்பந்தரும் சேக்கிழாரும் குறித்த செய்தி இது. பின்னர் ‘நீலகேசி’ என்னும் சமண நூல் அப்பெயராளையே அறம்பெற்று வாதிடும் தலைவியாக்கியதும் அறிஞர் அறிந்ததே.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்குக. பழையனூரில் பேய் உண்டு என்றவன் மெய்யுரைத்தான், அவை நம்பவில்லை. ‘பீட்சா’வில் பேய் உண்டு என்றவன் பொய்யுரைத்தான், அவை நம்பிற்று. முன்னதில் நம்பிக்கையின் விலை எழுபது உயிர். பின்னதில் ஒரு பொதி வைரம். முன்னதில் அவை, தீர்ப்புக்குத் தானே பொறுப்பேற்கின்றது. பின்னதில் அவையாக இருந்த நாம் நுழைவுச் சீட்டின் பணத்தை நினைந்து வருந்துகின்றோம். இவ்விறுதித் தொடரைச் சிறிது கடுமையாகக் கூறிவிட்டோம் போலும். ஆயினும் மாற்ற விரும்பவில்லை.

2011-இல் வெளிவந்த ‘காஞ்சனா’ போன்ற படங்கள் நீலி வழியிற் செல்வன. அநீதியாற் கொல்லப்பட்டோர் பேயாகி வந்து முறை கேட்பர். காண்போர்க்கு ஐயமே எழாது. பேய்க்கு ஒரு வழக்கு உண்டாயின் அதனை ஏற்றுக்கொள்ளுதல் நம்மனோர்க்கு எளிது. ‘பீட்சா’வின் இறுதிப் பேய்க்கு மைக்கேலின்மேல் வழக்கு யாது என்பதனைப் படம் சொல்லாது விடுகின்றது. இதனைக் குறையென்றே யாமும் கருதியிருந்தோம், மீன் உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரைக் காணும்வரை. பேரனின் கைப்பேசியில் படத்தைப் பார்த்திருந்தார் அவர். இறுதியில் பேய் ஏன் வந்தது என யாம் வினவியபோது, வினாவே அவர்க்கு வியப்பாயிற்று. “பேயை வெச்சுத் திருடுனா, பேய் சும்மா வுடுமாய்யா?” என்றார். அறிவுடைய திறனாய்வாளர் பலர் முரண் எனக் கண்ட இடத்தில் அவர் வழக்கும் தீர்ப்பும் கண்டார். அணங்கின் பெயரைக் களவுக்குக் கருவியாக்கியதே குற்றம். அடைபட்ட கதவே ஒறுப்பு.

வடதமிழ்நாட்டுக் குடும்பங்களில் இறந்த மகளிரைப் பூவாடை என வணங்கும் வழக்கம் உண்டு. இறந்தோர் வீட்டின் அருகிலேயே உள்ளனர் என்னும் எண்ணம் ஆண்டு அச்சத்தினும் உரிமையையே பெரிதும் தரும். உடல் கிடையாது நீரில் மாய்ந்தோர் நிலையோ வேறு. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை இக்கரை மறந்திலது. 2011 டிசம்பர் 25-ஆம் நாள் ஏரியில் உலாச் சென்றோர் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். ‘பீட்சா’ வெளிவந்தது அதன்பின் பத்துத் திங்களில். இக்காலச் செய்தியைக் காரணகாரியமாக யாம் கூறவில்லை.

புகழ்ந்தோர், இகழ்ந்தோர் என்னும் இருவகையுள்ளும் அடங்காத ஒருவரைப் பற்றியும் கூறவேண்டும். வயது முதிர்ந்த மீனவர். ஊரார் பலரோடு தொலைக்காட்சியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர், இடையில் எழுந்து வெளியேறினாராம். பேய்க்கு அஞ்சினார் என இளைஞர் நகையாடினர். யாம் அவரைத் தனியே கண்டபோது, அஞ்சியதுண்டா எனக் கேட்டோம். இல்லை என்றார். இருண்ட வீட்டில் மைக்கேல் ‘அனு, அனு’ என மீண்டும் மீண்டும் அழைத்துத் தேடுவதையே அவர் குறிப்பிட்டார். “பேர் சொல்லிக் கூப்புடுறான் பாருங்க, அதைத்தான் தம்பி பாக்க முடியல. கரையில நின்னு நாங்களும் அப்பிடிக் கூப்புட்டிருக்கோம்” என்றார். யாரை அழைத்தார் என்பதனை யாம் கேட்கவில்லை. மைக்கேலின் அவ்வழைப்பு நடிப்பென்பது படத்தின் பிற்பகுதியில் வெளிப்படும் செய்தி. அப்பகுதியை அவர் பார்த்திலர். யாமும் அதனை அவர்க்குக் கூறவில்லை.