மலையில் கட்டிய கடல் தூண்டில்

கடலுக்கு வெகு தொலைவில், சேர்வராயன் மலைமீது, நாகலூரில் அமர்ந்து கடல்மீனுக்குத் தூண்டில் கட்டுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் மலைக்கும் கடலுக்கும் உறவு இல்லாமல் இல்லை. இம்மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு காவிரியில் கலக்கிறது. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் அந்நீரில் ஒரு பங்கைப் பழையாற்றருகே கடலில் சேர்க்கிறது. அன்றியும், ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குச் செல்லும் நம் குடும்பத்து இளைஞர்கள் கழிமுகத்தைக் கண்டதும் தூண்டிலைத் தேடுகின்றனர். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகிறேன்.

இறகும் உரோமமும் கட்டிப் பூச்சி போலவோ சிறுமீன் போலவோ செய்யும் பொய்யிரையை மேலைநாட்டார் ‘ஈ’ என்பர். அதனை முள்ளின்மேல் கட்டாமல் சிறு குழலின்மேல் கட்டினால் அது குழல் ஈ. 1945-ஆம் ஆண்டளவில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில், ஈ கட்டும் தொழிலிலிருந்த பெண்மணி ஒருவர் இறகின் உள்ளீடற்ற தண்டைக் குழலாகக் கொண்டு இதனைச் செய்தார் என்பர்; பின்னர் மருத்துவர்கள் பயன்படுத்தும் நெகிழிக் குழாய் அவ்விடத்தைப் பிடித்தது. இறகும் மினுக்கு இழையும் கட்டிய முட்களைப் படகின் பின்னே இழுத்துச் செல்வது நம் கடலோர மீனவரும் அறிந்ததே.

நமக்கு வேண்டியவை வீட்டிலேயே உள்ளன. மை தீர்ந்த பேனா ரீஃபிலை நன்கு கழுவி, நான்கு சென்டிமீட்டர் துண்டாக நறுக்குங்கள். ஒரு முனையைத் தீயருகே காட்டினால் விளிம்பு சற்றே தடிக்கும்; நூல் நழுவாதிருக்க அது போதும். குழலைக் கோணியூசியில் செருகிப் பிடித்துக்கொண்டு, தடித்த முனையை ஒட்டித் தையல்நூலை இறுகச் சுற்றி, வெள்ளாட்டின் வெண்மயிரைச் சுற்றிலும் பின்னோக்கிப் பரவுமாறு கட்டுங்கள். குழலைப்போல் இருமடங்கு நீளம் போதும். மயிரை அள்ளி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. நெத்திலி மெலிந்த மீன் என்பதை மறவாதீர்கள். பழஞ்சேலைச் சரிகையில் நாலைந்து இழை, முதுகுக்குச் சேவலின் கரிய கழுத்திறகு, முடிச்சின்மேல் நகப்பூச்சு. அவ்வளவே.

பின்முனையில் சைக்கிள் வால்வு டியூப் ஒரு துண்டை மாட்டுங்கள். தங்கூசி நரம்பைத் தலைப்பக்கமாக நுழைத்துப் பின்னே எடுத்து, முள்ளைக் கட்டி, முள்ளின் காதை அந்த ரப்பருக்குள் இழுத்துவிடுங்கள். மீன் மாட்டியதும் முள் விடுபட, குழல் நரம்பின்மேல் ஏறிவிடும். பல்லுக்கு இரையாகாமல் இறகு தப்புகிறது. உப்பு அரித்தால் முள்ளை மட்டும் மாற்றலாம். கூர்ப்பல் கொண்ட ஊளிக்கு மட்டும் எஃகுக் கம்பி வேண்டும்.

இது காற்றுப்போல் இலேசாகையால், ஒரு முழம் முன்னே சிறு ஈயக்குண்டு சேர்த்தே வீச வேண்டும். விடியலில், கடலேற்றம் தொடங்கும் வேளையில், ஆலாக்கள் நீரில் பாயும் இடம் நோக்கி வீசி, விட்டுவிட்டு இழுத்தால் பாறை, கட்டா முதலியன துரத்தும். கொடுவாவோ பாலத்தூண் நிழலில் பதுங்கியிருக்கும். அது ஆணாகப் பருவமெய்தி, பெருத்தபின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரியது மாட்டினால் அது பெரும்பாலும் முட்டையிடும் தாய். முள்ளின் எதிர்க்கூரை இடுக்கியால் முன்பே நசுக்கியிருந்தால், காயமின்றி நீரில் விட்டுவிடலாம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் பிள்ளைகள் இருவர் கழிமுக மணல்திட்டில் நின்று வீசிக்கொண்டிருந்தனர். வற்றம் தொடங்கியது. ஆற்றுநீரும் வற்றுநீரும் சேர்ந்து இழுக்க, காலடி மணல் கரைந்ததை அவர்கள் உணரவில்லை. நான் கரையில் நின்று கூவியது அலையோசையில் கேட்கவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஓடிவந்து கயிறு வீசினார். பிள்ளைகள் பிழைத்தனர், கோலும் தூண்டிற்பெட்டியும் கடலோடு போயின. “வற்றத்துல வாய்க்கால்ல எறங்குவாங்களா, சாமி?” என்று அவர் என்னைத்தான் கேட்டார்.

இந்த மழைக்காலத்தில் அவ்விருவரும் திண்ணையில் அமர்ந்து மறுபடியும் குழல் கட்டுகின்றனர். இம்முறை பெட்டியில் ஏற்ற வற்ற நேரம் எழுதிய தாளும் இருக்கிறது.